பி.பி. மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டேன், சிஸ்டர்

வாசகர் கேள்வி: நான் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி. இப்போது புற்றுநோய் வார்டில் போஸ்டிங். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாவுக்கு பி.பி. பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். “நான் யாருக்கும் ஒரு கெடுதலும் நினைச்சதில்லையே, எனக்கு ஏன் சிஸ்டர் இப்படி?” என்று திடீரெனக் கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “எல்லாம் சரியாயிடும்மா” என்று சொல்லி, பி.பி.யைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று மாலை கேர் பிளான் எழுதும்போது, ‘ஆன்மிகத் தேவை’ என்ற கட்டத்தில் ‘பிரச்சினை எதுவும் இல்லை’ என்று எழுதினேன். மேடமும் கையெழுத்துப் போட்டுவிட்டார். போன தேர்வில் இதே தலைப்புக்கு, ‘மதகுருவை வரவழைத்தல், பிரார்த்தனைக்கு வசதி செய்தல், மதப் பொருட்களை மதித்தல்’ என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஒரு தோழி, “நோயாளியோட உட்கார்ந்து பிரார்த்தனை பண்ணியிருக்கலாம்” என்கிறாள். இன்னொருத்தி, “அது நம்ம வேலையே இல்லை” என்கிறாள். எனக்குக் கடவுள் நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. நான் ஆன்மிகப் பராமரிப்பு கொடுக்க முடியுமா? அதே வார்டில் இன்னும் ஒரு வாரம் இருக்க வேண்டும். அந்த அம்மாவின் கட்டில் பக்கம் போகவே தயக்கமாக இருக்கிறது.

அன்புள்ள மாணவிக்கு,

தப்பு செய்துவிட்டு வந்து நிற்கிறவர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை இறக்கி வையுங்கள். வார்டிலும் வகுப்பிலுமாக இருபத்தாறு வருடம் ஓட்டியிருக்கிறேன். அந்தக் கேள்வியை யாராவது என் முகத்தைப் பார்த்துக் கேட்டால், இன்றைக்கும் ஒரு கணம் எனக்குப் பேச்சு வராது. வரக்கூடாது என்றுதான் நினைக்கிறேன். அதற்குத் தயாராக ஒரு பதிலைக் கையில் வைத்திருக்கிற நர்ஸைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

அந்த அம்மா அதை உங்களிடம் கேட்டார் என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். காலையில் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்திருப்பார்கள். அப்போது கேட்கவில்லை. வீட்டு மனிதர்கள் பக்கத்திலேயே இருந்திருப்பார்கள். அவர்களிடமும் கேட்கவில்லை, அவர்கள் உடைந்துபோவார்கள் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் அவர் கையைப் பிடித்துப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் கேட்டார். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். உடம்பு துடைக்கும்போது, டிரெஸ்ஸிங் மாற்றும்போது, ராத்திரி மூன்று மணிக்கு ட்ரிப் மாற்றப் போகும்போதுதான் இந்த மாதிரிப் பேச்சு வரும். எதிரே உட்கார்ந்து “உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்” என்று கேட்டால் வராது. நம் கை ஒரு வேலையில் இருக்கும்போது அவர்களுக்குப் பேசுவது எளிது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. “அது நம்ம வேலையே இல்லை” என்று சொன்ன உங்கள் தோழிக்கு இதைச் சொல்லுங்கள். நோயாளிகள் ஏற்கெனவே நம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நாம் வேண்டாம் என்றாலும் அந்தக் கேள்வி நம்மிடம்தான் வரும்.

பேசாமல் வந்துவிட்டதுதான் உங்களை அரிக்கிறது. என்னைக் கேட்டால், மௌனத்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. “எல்லாம் சரியாயிடும்மா” என்ற அந்த ஒரு வரிதான் பிரச்சினை. அன்பில் சொன்னதுதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் திறந்த கதவை அது மெதுவாகச் சாத்திவிட்டது. எது சரியாகும், சரியாகுமா என்று உங்களுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். இதற்கு மேல் இதைப் பற்றி இந்தப் பெண்ணிடம் பேச முடியாது என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

“எனக்கு ஏன்?” என்பதற்கு அவர் பதில் எதிர்பார்க்கவில்லை. மருத்துவக் காரணத்தை நீங்கள் விளக்கியிருந்தால், “அது சரி சிஸ்டர்” என்று தலையாட்டியிருப்பார், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குள் பழைய குற்ற உணர்வு ஒன்று இருக்கும், நோயைத் தண்டனையாக எண்ணிக்கொண்டிருப்பார். இன்னொருவருக்குக் கடவுள் மேல் கோபம், கோபப்படுகிறோமே என்ற பயமும் கூடவே. வேறொருவருக்கு, “நான் போய்விட்டால் பிள்ளையை யார் பார்ப்பார்கள்” என்பதுதான் இப்படி உருமாறி வெளியே வந்திருக்கும். எது என்று ஊகிக்காதீர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “ரொம்ப நாளா இதையே நினைச்சிட்டு இருக்கீங்களாம்மா?” என்று கேட்டாலே போதும். கேட்டுவிட்டு, பட்டையைக் கழற்றிய கையை உடனே எடுக்காமல் கொஞ்சம் இருங்கள். பத்து விநாடி மௌனம் வார்டில் பத்து நிமிடம் மாதிரித் தெரியும். பழகிக்கொள்ளலாம்.

சரி, இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். ‘ஆன்மிகம்’ என்று தமிழில் சொன்ன மாத்திரத்தில் நம் மனதில் என்ன வருகிறது? வழிபாடு, விரதம், சொற்பொழிவு. பத்திரிகையில் அதற்கென்று ஒரு பக்கமே உண்டு. அதனால் பாடப்புத்தகத்தில் ‘ஆன்மிகப் பராமரிப்பு’ என்று பார்த்ததும், மதகுருவை வரவழைக்கும் வேலை என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை. நான் வகுப்பில் வேறொரு சொல்லைச் சொல்லித் தருவேன்: பிடிமானம். “வாழ்க்கையில ஒரு பிடிப்பே இல்லாமப் போச்சு” என்று நாம் எல்லோரும் சொல்கிறோம் இல்லையா? அந்தப் பிடிப்பு. உடம்பு கைவிடும்போது இந்த மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்? சிலருக்குக் கடவுள். சிலருக்குப் பேத்தியின் படிப்பு. சிலருக்கு நாற்பது வருடம் செய்த தொழில், அதில் சம்பாதித்த நல்ல பெயர். சிலருக்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். ஒருவரின் பிடிமானம் எது என்று தெரிந்துவைத்திருப்பதும், நம் மருத்துவமனை அவசரத்தில் அதை நாமே அறுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும், அது ஆடும்போது பக்கத்தில் இருப்பதும்தான் நான் புரிந்துகொண்ட ஆன்மிகப் பராமரிப்பு.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 2009இல் அமெரிக்காவில் நோய்த்தணிப்புத் (பாலியேட்டிவ் கேர்) துறையினர் கூடிப் பேசி வெளியிட்ட வரையறையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. மனிதர்கள் தங்கள் வாழ்வின் பொருளையும் நோக்கத்தையும் தேடுகிற விதம், தன்னோடும் பிறரோடும் இயற்கையோடும் தமக்குப் புனிதமானதோடும் அவர்கள் உணர்கிற தொடர்பு, இதெல்லாம் சேர்ந்தது ஆன்மிகம் என்பது அதன் சாரம். மதம் அதற்குள் வரும், பலருக்கு அதுதான் நடுமையமாகவும் இருக்கும். ஆனால் மதம் இல்லாதவருக்கும் அந்தத் தேடல் உண்டு. இந்தச் சிந்தனைக்கு இன்னும் முன்னோடி சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாகத் தொடங்கி, முதுகுவலியால் அதை விட்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பிறகு டாக்டருக்கும் படித்தவர். 1967இல் லண்டனில் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் நோய்த்தணிப்பு இல்லம்தான் இறுதிக்கட்ட நோயாளிகளைக் கவனிக்கும் நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தின் தொடக்கம். உடல் வலி, மன வலி, குடும்பம் பணம் என்று வெளியுலகக் கவலைகளின் வலி, ஆன்மிக வலி எல்லாம் ஒன்றோடொன்று பின்னியதை அவர் ‘முழு வலி’ என்றார். எந்த மருந்துக்கும் அடங்காத வலி, மனதிலிருந்த ஒன்றை யாரிடமாவது கொட்டிய பிறகு சற்றுத் தணிவதை வார்டில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

அதற்காக எல்லாவற்றுக்கும் ஆன்மிகக் காரணம் தேடக் கிளம்பிவிடாதீர்கள். மாணவிகளில் அக்கறை உள்ளவர்களே இந்தத் தப்பைச் செய்வார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரள்கிறார், பெல்லை அடித்துக்கொண்டே இருக்கிறார் என்றால், முதலில் வலி எவ்வளவு என்று கேளுங்கள். ஆக்ஸிஜன் அளவு பாருங்கள். சிறுநீர் போனதா, மலச்சிக்கல் உண்டா, புதிதாகக் குழப்பமாகப் பேசுகிறாரா என்று பாருங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பையோடு தவிக்கிறவரிடம் வாழ்க்கையின் அர்த்தத்தைப் பேசுவது கொடுமை.

உங்கள் தேர்வு விடையைப் பற்றிச் சொல்கிறேன். அது தப்பில்லை, பாதி. மாணவர்கள் இதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஓர் அளவுகோல், பிரிட்டனில் வில்ஃப்ரெட் மெக்ஷெரி என்ற செவிலியப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்டது. மொத்தம் 17 வாசகங்கள். ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் என்று குறிக்க வேண்டும். நோயாளி கேட்டால் மதகுருவை வரவழைப்பது அதில் ஒரு வாசகம். தேவைப்படும் நேரத்தில் நோயாளியோடு நேரம் செலவிட்டு ஆறுதலாக இருப்பது இன்னொன்று. நோயாளி தன் நோய்க்கு ஒரு பொருள் கண்டுகொள்ள உதவுவது, அவருடைய அந்தரங்கத்தையும் மானத்தையும் மதிப்பது என்று போகும். ‘நாத்திகர்களுக்கு ஆன்மிகம் பொருந்தாது’ என்ற வாசகமும் இருக்கிறது. யார் யார் அதை ஒப்புக்கொள்கிறார்கள் என்று பார்க்கத்தான். உங்கள் விடை அந்த மதகுரு வாசகத்தைச் சுற்றியே நின்றுவிட்டது.

நான் பாடம் எடுக்கும் இடங்களில் பார்ப்பதும் இதுதான். முதலாண்டுப் பிள்ளைகள் மதம் என்பார்கள். இரண்டாம் ஆண்டில், இதெல்லாம் கவுன்சலிங்தானே என்பார்கள். மூன்றாம் ஆண்டில் வார்டில் கால் தேய நடந்த பிறகு, “நல்லதுதான் மேடம், ஆனா நேரம் எங்கே?” என்பார்கள். கடைசி ஆண்டில் சிலருக்கு ஏதோ ஒன்று நடக்கும். ஒரு நோயாளி, ஒரு மரணம், சில நேரம் சொந்த வீட்டிலேயே ஒரு இழப்பு. அதற்குப் பிறகு அவர்கள் வேறு மாதிரிப் பேசுவார்கள். இது என் வகுப்பின் அனுபவம் மட்டும் இல்லை. ஐரோப்பாவில் 8 நாடுகளில் 21 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 2,193 செவிலிய, மகப்பேற்று மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு இருக்கிறது. படிப்பு முன்னேற முன்னேற, இந்தப் பராமரிப்பைத் தர முடியும் என்ற நம்பிக்கை அவர்களுக்குக் கூடியது. எதனால் கூடியது என்று கேட்டதற்கு, நோயாளிகளைக் கவனித்த அனுபவம், சொந்த வாழ்க்கையில் நடந்தவை, வகுப்பில் நடந்த பாடமும் கலந்துரையாடலும் என்று சொன்னார்கள். உங்களுக்கு அந்த அம்மாவின் கட்டிலருகே நடந்தது இதில் முதல் வகை. இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியதே அந்தக் கல்வி நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

எனக்கு அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். மாணவியாக இருந்த காலம். அறுவை சிகிச்சைக்கு ஒரு பெரியவரைத் தயார் செய்ய அனுப்பினார்கள். நகை, பல்செட், கண்ணாடி எல்லாம் கழற்ற வேண்டும் என்பது பட்டியல். கையில் ஒரு பழைய வாட்ச் கட்டியிருந்தார். அது ஓடவே இல்லை. “ஓடாத வாட்ச் எதுக்கு ஐயா?” என்று சிரித்துக்கொண்டே கழற்றி, மேசை டிராயரில் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சரில் போகும்போது எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. பயத்தில் இருக்கிறார் என்று ‘பதற்றம்’ என எழுதினேன். இரண்டு நாள் கழித்து அவர் மகள் சொன்னார்: அது விபத்தில் இறந்துபோன அவருடைய மகனின் வாட்ச். ஆறு வருடமாகக் கையிலிருந்து கழற்றியதே இல்லையாம்.

அந்த வாட்ச்சைக் கழற்றத்தான் வேண்டியிருந்தது. விதி விதிதான். ஆனால், “இது உங்களுக்கு முக்கியமான பொருளா ஐயா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் கையாலேயே கழற்ற விட்டிருக்கலாம். மகள் கையில் கொடுத்து, கண் விழித்ததும் முதலில் இதைக் கட்டிவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கூடுதலாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தப் பொருளில் மதம் எதுவும் இல்லை. எந்தப் படிவத்திலும் ‘மதப் பொருள்’ என்று அது பதிவாகியிருக்காது. அன்றிலிருந்து, எந்த நோயாளியிடமிருந்து எதைக் கழற்றினாலும் நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் கழற்றியதில்லை.

“நேரம் எங்கே” என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதும் இதையொட்டித்தான். வார்டில் ஆள் பற்றாக்குறை உண்மை, நர்ஸ்களின் களைப்பும் உண்மை. 2010இல் பிரிட்டனின் செவிலியர் அமைப்பான ராயல் நர்சிங் கல்லூரி தன் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டபோது, நான்காயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். ஆன்மிகப் பராமரிப்பு செவிலியப் பணியின் அடிப்படையான பகுதி என்று பெரும்பாலோர் ஏற்றார்கள். அதோடு, தங்களுக்குப் போதிய பயிற்சியும் வழிகாட்டலும் இல்லை என்றும் சொன்னார்கள். ஆகவே இந்தத் தடுமாற்றம் மாணவிகளோடு முடிவதில்லை. ஆனால் தனியாக நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய ஒன்றாக இதை நினைப்பதால்தான் பாதிச் சுமை. ஏற்கெனவே செய்கிற வேலைக்குள்தான் இதற்கு இடம். குளிப்பாட்டும்போது எந்த அளவுக்குத் துணியை விலக்குகிறீர்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறீர்களா அல்லது கட்டில் எண்ணையா, அவர் பேசும்போது கண் மானிட்டரில் இருக்கிறதா முகத்தில் இருக்கிறதா, இதெல்லாமும் அதில் சேர்ந்ததுதான்.

எப்படிக் கேட்பது என்பதற்குச் சில கருவிகள் உண்டு. கிறிஸ்டினா புகால்ஸ்கி என்ற மருத்துவர் 1996இல் சக மருத்துவர்களோடு உருவாக்கிய ‘ஃபிகா’ அதிகம் புழங்குவது. உங்களுக்குத் துணிவு தருகிற நம்பிக்கை ஏதாவது உண்டா, அது உங்கள் வாழ்க்கையிலும் நோயிலும் எவ்வளவு முக்கியம், உங்களுக்குத் துணையாக நிற்கிற குழு அல்லது மனிதர்கள் யார், இதில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள், என நான்கு படி. நல்ல கருவி. ஆனால் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக வாசிக்காதீர்கள், வருமான விவரம் கேட்கிற மாதிரி ஆகிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது ஹார்வி சொச்சினோவ் என்ற கனடா மனநல மருத்துவர் சொல்லித்தந்த ஒற்றைக் கேள்வி. தமிழில் அதை நான் இப்படிக் கேட்பேன்: “உங்களை நல்லபடியா கவனிச்சுக்க, ஒரு மனுஷரா உங்களைப் பத்தி நாங்க என்ன தெரிஞ்சுக்கணும்?” முதல் தடவை கேட்கும்போது நோயாளி குழம்புவார். “மருந்து, நோய் எல்லாம் கேஸ் ஷீட்ல இருக்கு, அதுல இல்லாததைச் சொல்லுங்க” என்று கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தச்சர் என்னிடம், “நான் யார்கிட்டயும் சும்மா வாங்கிச் சாப்பிட்டதில்லைம்மா” என்றார். ஊட்டிவிடும்போதெல்லாம் அவர் ஏன் வாயை மூடிக்கொண்டார் என்று அன்றைக்குத்தான் வார்டுக்கே புரிந்தது. கைப்பிடி தடித்த ஒரு கரண்டியைக் கொடுத்து, சிந்தினாலும் பரவாயில்லை என்று அவரையே சாப்பிட விட்டோம்.

அடுத்து, நம்பிக்கை இல்லாத நீங்கள் இதைச் செய்யலாமா என்ற கேள்வி. செய்யலாம். நோயாளியின் பிடிமானத்தைத் தெரிந்துகொள்ள உங்களுக்கும் அதே பிடிமானம் இருக்க வேண்டியதில்லை. பிரசவ வலியில் இருப்பவரைக் கவனிக்க நாம் பிள்ளை பெற்றிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று தேவை. உங்கள் சொந்தப் பிடிமானம் எது, மரணத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எந்தப் பேச்சு வந்தால் உங்களுக்கு ஓடிப்போகத் தோன்றுகிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பியச் செவிலியக் கல்வியாளர்கள் 2016 முதல் 2019 வரை ஒரு கூட்டுத் திட்டத்தில், மாணவர்களுக்கு இதில் வேண்டிய திறன்களை நான்காக வகுத்தார்கள். அதில் முதலாவது தன்னைத் தான் அறிதல். பிறரோடு உறவாடுவது, மதிப்பிட்டுத் திட்டமிடுவது, செய்து பார்த்துப் பலனை ஆராய்வது மூன்றும் அதற்கு அடுத்துத்தான். ஆழ்ந்த நம்பிக்கை உள்ள உங்கள் தோழிக்கும் இதே பாடம்தான். இன்னும் சொன்னால் அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவை. தன் பதில் அவ்வளவு தெளிவாக இருக்கும்போது அடுத்தவர் கேள்வியைக் கேட்பது கஷ்டம்.

பிரார்த்தனை விஷயத்தில் நான் கறாரானவள். நோயாளி கேட்காமல் நாமாகத் தொடங்கக் கூடாது. நோயாளி நம்மை நம்பிப் படுத்திருக்கிறார், ஊசியும் மருந்தும் நம் கையில். அந்த நிலையில் நாம் “பிரார்த்தனை பண்ணலாமா” என்றால், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கும்? 2008இல் இங்கிலாந்தில் வீடுகளுக்குச் சென்று கவனிக்கும் ஒரு நர்ஸ், ஒரு நோயாளியிடம் உங்களுக்காகப் பிரார்த்திக்கட்டுமா என்று கேட்டதற்குப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பெரிய விவாதமாகி, அடுத்த ஆண்டு அவரைத் திரும்ப அழைத்தார்கள். அந்தத் தண்டனை அதிகம் என்பதுதான் என் கருத்து. கெட்ட எண்ணம் எதுவும் அங்கே இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை நோயாளியின் பக்கத்திலிருந்து வர விடுவதே நல்லது. சர்வதேச செவிலியர் மன்றத்தின் நெறிமுறையும், நோயாளி, குடும்பம், சமூகம் ஆகியோரின் மதிப்பீடுகளும் வழக்கங்களும் ஆன்மிக நம்பிக்கைகளும் மதிக்கப்படும் சூழலை நர்ஸ் உருவாக்க வேண்டும் என்கிறது. மதிக்க வேண்டியது அவர்களுடைய நம்பிக்கையை.

நோயாளியே, “எனக்காக வேண்டிக்கோங்க சிஸ்டர்” என்று உங்களிடம் கேட்டால்? பொய்யாகக் கண்ணை மூட வேண்டாம். “நீங்க வேண்டிக்கோங்கம்மா, நான் பக்கத்துல இருக்கேன்” என்று சொல்லி அமைதியாக நில்லுங்கள். நம்பிக்கையுள்ள தோழியை, நோயாளி விரும்பினால், அழைத்து வரலாம். நோயாளியின் மதத்தைச் சேர்ந்த பெரியவரை வரவழைக்க ஏற்பாடு செய்யலாம். உங்கள் தேர்வு விடைக்கு உண்மையான இடம் இதுதான். எந்தப் பெரியவர், எப்போது என்பதை மட்டும் நோயாளியிடமே கேளுங்கள், குடும்பத்திடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். இருவருக்கும் நம்பிக்கை ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

கேர் பிளானைத் திருத்தி எழுதுங்கள். ‘ஆன்மிகத் துயரம்’ என்பது 1978லேயே, நர்ஸ்கள் கண்டறிந்து எழுத வேண்டிய பிரச்சினைகளை வகைப்படுத்தும் ‘நாண்டா’ அமைப்பின் நர்சிங் டயக்னோசிஸ் பட்டியலில் சேர்ந்துவிட்டது, வலியையும் தூக்கமின்மையையும் எழுதுகிற அதே உரிமையோடு எழுதலாம். ஆனால் உங்கள் முடிவை எழுதும் முன் அவர் சொன்னதை எழுதுங்கள். ‘“எனக்கு ஏன் இப்படி” என்று கேட்டார், அப்போது கண் கலங்கியிருந்தது’ என்று அப்படியே. செய்யப்போவது என்ற இடத்தில் ‘ஆறுதல் அளித்தல்’ என்று போடாதீர்கள், அது யாருக்கும் எதையும் சொல்லாது. ‘மாலை டிரெஸ்ஸிங்கின்போது பேச இடம் கொடுத்தல், துணைக்கு யார் வேண்டும் என்று கேட்டறிதல்’ என்று எழுதினால், ராத்திரி ஷிப்ட்டில் வருகிறவர் அதைத் தொடர முடியும். அந்தரங்கமாகச் சொன்ன குடும்ப ரகசியங்களைக் கேஸ் ஷீட்டில் ஏற்ற வேண்டாம். ‘கடந்தகால நிகழ்வு ஒன்று வருத்துவதாகச் சொன்னார்’ என்பது போதும்.

ஒன்றில் மட்டும் ரகசியம் காக்க முடியாது. வாழ விருப்பமில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதை ஆன்மிகப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு நீங்களே சுமக்காதீர்கள். “உங்களை நீங்களே ஏதாவது செஞ்சுக்கணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தோணுகிறது என்றாலும், பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தாலும், அவரைத் தனியே விட்டு வராதீர்கள். அங்கிருந்தபடியே ஆள் அனுப்பிப் பொறுப்பு நர்ஸையும் டாக்டரையும் வரவழையுங்கள். “இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று நோயாளி கேட்டால், சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். “உங்களைக் காப்பாற்றத்தான் சொல்கிறேன்” என்று அவரிடமே சொல்லிவிட்டு, பொறுப்பு நர்ஸிடம் சொல்லுங்கள்.

அப்புறம் உங்களைப் பற்றி. இந்தப் பேச்சுகள் ஹாஸ்டல் வரைக்கும் கூடவே வரும். சாப்பிடும்போது நினைவு வரும். வார்டில் நம்பிக்கையான ஒரு சீனியரிடம், அல்லது கையெழுத்துப் போட்ட அதே மேடத்திடம், நோயாளியின் பெயர் சொல்லாமல் பேசுங்கள். அவர் அன்றைக்கு முப்பது கேர் பிளானைப் பார்த்துக் களைத்திருப்பார். “மேடம், அதில் ‘இல்லை’ன்னு எழுதினேன், அது தப்பு” என்று நீங்கள் போய் நின்றால், எந்த ஆசிரியருக்கும் அன்றைய நாள் நல்ல நாள்தான். எனக்கு அப்படித்தான் இருக்கும்.

இன்னும் ஒரு வாரம் அங்கே இருக்கிறீர்கள். நாளைக்கு பி.பி. பார்க்கப் போகும்போது பட்டையைச் சுற்றுங்கள், அளவைக் குறியுங்கள். பிறகு நாற்காலியை இழுத்து அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். “அம்மா, அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க. நான் பாட்டுக்கு எல்லாம் சரியாயிடும்னு சொல்லிட்டுப் போயிட்டேன். எனக்குப் பதில் தெரியலைம்மா. ஆனா நீங்க கேட்டதை மறக்கலை” என்று சொல்லுங்கள். அவர் பேசலாம். “அதெல்லாம் விடும்மா” என்று சொல்லிவிடவும் செய்யலாம். அப்படிச் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். தலையணையைச் சரிசெய்துவிட்டு, மறுபடி எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குப் போங்கள்.